பயத்துக்கு ஊற்றும் ஈயம்

நொவி சாத் நகரத்திலிருந்து தூண்டில்காரர்கள் வருவார்கள், காரின் கூரைமேல் வீட்டு நீளத்துக்குத் தூண்டில் கம்புகளைக் கட்டிக்கொண்டு. நாற்காலி, குடை, குளிர்ப்பெட்டி, நாய் என்று எல்லாம் வந்திருக்கும். கரையில் இறங்கி ஆற்றைப் பார்த்து நின்ற பிறகுதான் ஈயக் குண்டை வீட்டிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வரும். உடனே என் பம்பு அறைக் கதவைத் தட்டுவார்கள். நான் என்ன கடையா வைத்திருக்கிறேன்? வயலில் தேங்கும் தண்ணீரை இறைத்துத் திசா ஆற்றில் விடுவது என் வேலை. "மேட்டுக்குக் கீழே போங்க, ராதோய்கா உட்கார்ந்திருப்பா" என்று கையைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்துவேன்.

அவளிடம் ஒரு மடக்கு மேசை, ஒரு முக்காலி, பழைய பிஸ்கட் டப்பாக்கள். அவ்வளவுதான் கடை. ஆனால் ஆற்றுக்கு வந்தவன் எதை மறந்திருப்பானோ அது அங்கே இருக்கும். நூல் முறுக்கிக்கொள்ளாமல் சுழன்று கொடுக்கும் சின்னக் கண்ணிகள். மீன் விழுங்கிய முள்ளைத் தொண்டையிலிருந்து எடுக்கும் குச்சி. அதை அவளே சைக்கிள் சக்கரத்துக் கம்பியை வெட்டி, நுனியில் அரத்தால் பிளவு போட்டுச் செய்வாள். மிதக்கும் தக்கை தூண்டில் நரம்பில் நழுவாமல் நிற்க, மின்கம்பியின் ரப்பர் தோலை மோதிரம் மோதிரமாக நறுக்கி ஒரு பழைய புட்டியில் வைத்திருப்பாள். மீன் இழுத்தால் அடிக்க, கம்பு நுனியில் கவ்வும் மணிகள். முக்கியமாகக் குண்டுகள். இஷ்த்வானின் டயர் கடையில், சக்கரத்தைச் சமன் செய்ய ஒட்டிப் பிறகு கழித்துப்போட்ட ஈயத் துண்டுகளைப் பொறுக்கி வந்து, உருக்கி, செங்கல்லில் குடைந்த அச்சில் வார்ப்பாள். பேரிக்காய் வடிவக் குண்டு, நடுவில் ஓட்டை போட்ட குண்டு, மிளகளவு குண்டு. அந்த மிளகை யாராவது பல்லால் கடித்து நரம்பில் அழுத்தினால் அவளுக்குப் பொறுக்காது.

"இடுக்கி இருக்குல்ல, எடுத்துக்கோயேன். ஈயத்தைக் கடிச்சுக் கடிச்சுத்தான் மூளை இப்படி ஆயிடுச்சு உனக்கு" என்பாள்.

மேசையின் ஓரத்தில் புச்காக்கள் கிடக்கும். கைப்பிடி வைத்த கொக்கி மாதிரி ஒரு சின்ன மரத்துண்டு அது. படகில் மிதந்தபடி அதன் நுனியால் தண்ணீரில் அடித்து இழுத்தால், 'புச்' என்று புட்டித் தக்கையைப் பிடுங்கியது போல் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு அடியாழத்தில் படுத்திருக்கும் பெரிய கெளுத்தி எழுந்து வரும். ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. பசியா, கோபமா, கெளுத்தியைத்தான் கேட்க வேண்டும். ராதோய்காவின் புருஷன் கவ்ரா பிளம் மரத்தில் அதைச் செதுக்குவான். அவன் செதுக்கியதற்கு ஒரு தனிக் குரல் உண்டு, அதை நான் மறுக்கமாட்டேன்.

குண்டு வார்க்கும் அதே கரண்டியால் ராதோய்கா இன்னொரு காரியமும் செய்வாள். ஊரில் யாராவது பயந்துபோனால் அவளிடம் வருவார்கள். இடி விழுந்து பேச்சுக் குளறியவர்கள், டிராக்டர் கவிழ்ந்து தப்பித்தவர்கள், செத்தவரைக் கனவில் கண்டு சாப்பாடு இறங்காதவர்கள். அவர்களை முக்காலியில் உட்காரவைத்து, தலைமேல் துணியைப் போர்த்துவாள். துணிக்கு மேலே ஒரு சட்டியில் குளிர்ந்த தண்ணீரை யாராவது பிடிக்க, உருகிய ஈயத்தை அதில் ஊற்றுவாள். ஈயம் முள்முள்ளாக வெடித்தால் பயம் உள்ளே இருக்கிறது. மறுபடி உருக்கி, நெஞ்சுக்கு நேரே, காலுக்கு நேரே என்று ஊற்றிக்கொண்டே போவாள். வழவழப்பாகத் தட்டு போல் விழுந்தால் பயம் கழன்றுவிட்டது என்று அர்த்தம். அந்த ஈயத்தை ஆற்றில் எறிந்துவிடுவாள். குண்டு வார்க்கத் தொடமாட்டாள்.

அதை வைத்துக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. "ராதோய்கா, உன் குண்டைப் போட்டா மீனெல்லாம் எதிர்க்கரைக்கு ஓடுது. பயந்தவங்க ஈயத்தைக் கலந்துட்டியா?" என்று ஒருவன் கேட்பான்.

"மீன் உன் மூஞ்சியைப் பார்த்து ஓடுது. அதுக்குக் குண்டு என்ன பண்ணும்?"

இதற்கெல்லாம் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. சொந்த வீட்டு ஆளுக்கு ஊற்றக் கூடாது. ஊற்றினால் பயம் தண்ணீரில் இறங்காது, ஊற்றுகிற கையில் ஏறிவிடும். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படிச் சொன்னார்கள், அவளும் அதை மீறியதில்லை.

போன கோடையில் என் அண்ணன் ஸ்ரெதோயே செத்துப்போனான். கவ்ராவும் அவனும் கெளுத்திக்குப் போயிருந்தார்கள். பட்டப்பகலில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு புயல் வந்தது. கரையில் இருந்த பாப்லர் மரங்களே வளைந்து தண்ணீரைத் தொட்டன. படகு கவிழ்ந்தது. கவ்ரா ஆற்று வளைவுக்குக் கீழே நாணல் காட்டில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். "முங்கினவனைப் பார்க்கவே இல்லை. கூப்பிட்டேன், குரல் வரலை" என்று சொன்னான். அண்ணனைப் பிறகு தோணித்துறையில் கண்டெடுத்தோம். அண்ணி விதோசாவாவும் ராதோய்காவும்தான் கழுவி, உடுத்தி, பெட்டியில் வைத்தார்கள். கவ்ரா எல்லாருக்கும் முன்னால் சிலுவையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

விதோசாவாவும் ராதோய்காவும் எதிரெதிர் வீடு. இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் இந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்தவர்கள். அண்ணன் போன பிறகு விதோசாவா மேசையருகே இன்னொரு முக்காலியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அங்கேயே இருக்க ஆரம்பித்தாள். ரப்பர் தோலை நறுக்கிக் கொடுப்பாள். அதிகம் பேசமாட்டாள். பிள்ளைகள் ஜெர்மனியில். எனக்கும் அவளுக்கும் எப்போதும் ஒத்துப்போகாது, அது வேறு கதை.

கவ்ராவுக்குத் தூக்கம் போயிற்று.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிநேகிதன் செத்தால் தூக்கம் வராதுதான். ஆனால் அது குளிர்காலத்தைத் தாண்டியும் நீண்டது. கன்னம் ஒட்டி, கண் இரண்டும் உள்ளே போய், ஆள் வேலியில் மாட்டிய சட்டை மாதிரி ஆனான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் நடக்கும்போது விழுந்தான், தூங்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பான், கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நிற்கும், தலை ஆற்றுப் பக்கம் திரும்பும்.

"யாரோ புச்கா அடிக்கிறாங்க" என்பான்.

"பனி உறைஞ்சு கிடக்கு ஆறு. எவன் அடிப்பான்?" என்பாள் ராதோய்கா.

"அடிக்கிறாங்க."

புச்கா செதுக்குவதை விட்டுவிட்டான். மேசையில் இருந்தவற்றையும் ராதோய்கா எடுத்து அடுப்பில் போட்டாள். வசந்தம் வந்து தூண்டில்காரர்கள் திரும்பியதும் மறுபடி மணிகளை விற்க ஆரம்பித்தாள். ஒரு மாலை ஆள் மாற்றி ஆள் வந்து சண்டை போட்டார்கள், மணி ஒன்றும் அடிக்கவில்லை என்று. பார்த்தால், டப்பாவிலிருந்த அத்தனை மணிக்குள்ளும் கவ்ரா ரொட்டியை மென்று அடைத்து வைத்திருந்தான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விதோசாவா மட்டும் ஒரு ஊசியை எடுத்து ஒவ்வொரு மணியாகக் காய்ந்த ரொட்டியைக் குடைந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

மே மாதத்தில் ஒரு மதியம் பம்பு அறை ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், கவ்ரா உடுத்த துணியோடு, தொப்பியோடு, ஆற்றுக்குள் நடந்துகொண்டிருக்கிறான். நெஞ்சளவு தண்ணீர். அவசரமே இல்லாமல், யாரோ உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னது போல் நடக்கிறான். படகுக் கொக்கியை எடுத்துக்கொண்டு ஓடி, கோட்டுக் காலரில் மாட்டி இழுத்தேன். கரையில் போட்டதும் வாயில் தண்ணீர் வழிய என்னைப் பார்த்துச் சொன்னான், "கூப்பிட்டான்டா."

யார் கூப்பிட்டது என்று நான் கேட்கவில்லை. உச்சி வெயில், காற்றுகூட இல்லை, ஆறு எண்ணெய் போல் கிடந்தது. அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் எங்கோ 'புச்' என்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. எவனாவது அடித்திருப்பான். அடிக்காமல் எப்படிக் கேட்கும்?

அன்றிலிருந்து ராதோய்காவுக்கு ஒரே பயம், அவனை ஆறு எடுத்துக்கொள்ளும் என்று. அவளால் ஊற்ற முடியாது. ஆற்றுக்கு மேலே இரண்டு ஊர் தள்ளி ஒரு ஹங்கேரியக் கிழவி ஊற்றுகிறாள், அவளிடம் அழைத்துப் போனாள். ஈயம் தட்டாக விழுந்தது. இன்னொரு முறை போனாள். மறுபடியும் தட்டு.

"இந்த ஆளுக்குள்ள பயமே இல்லை. என் ஈயத்தை வீணாக்காத" என்று கிழவி சொல்லி அனுப்பிவிட்டாளாம்.

ராதோய்கா கொதித்துப்போய் வந்தாள். "பயம் இல்லாதவன்தான் ராத்திரியெல்லாம் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கானா? அவ ஈயத்துல பாதி தகரம். எனக்குத் தெரியாதா ஈயம்?" என்று என்னிடம் வந்து நின்றாள். "மிலூதின், நானே ஊத்தப் போறேன்."

"சொந்த வீட்டுக்கு ஊத்தக்கூடாதுன்னு நீதானே சொல்லுவ?"

"என் கைக்கு வந்தா வரட்டும். நாளைக்குக் காலையில நீ தண்ணி கொண்டுவா. செத்தவனோட ரத்த சொந்தம் கொண்டு வர்ற தண்ணியா இருக்கணும். அப்பதான் அவன் இவனை விடுவான். வழியில யார்கிட்டயும் பேசாத."

"நான் பேசாம இருக்கணுமா? அதுவே பெரிய மந்திரம்தான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

வாளியில் திசாத் தண்ணீரோடு போனேன். முற்றத்தில் தனியாக நிற்கும் கோடைச் சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கவ்ரா முக்காலியில் முழங்காலில் கை வைத்துப் படம் எடுக்க உட்கார்ந்தவன் மாதிரி இருந்தான். ராதோய்கா வெள்ளை மேசைத் துணியை அவன் தலைமேல் போட்டாள். அது இடுப்பு வரைக்கும் இறங்கியது. நான் சட்டியைத் தலைக்குமேல் பிடித்தேன். அவள் ஊற்றினாள். சட்டி சீறியது. ஆவி என் முகத்தில் அடித்தது. குனிந்து பார்த்தோம்.

வழவழவென்று ஒரு தட்டு. கடையில் வாங்கியது போல.

நெஞ்சுக்கு நேரே ஊற்றினாள். அதுவும் அப்படியே. காலுக்கு நேரே ஊற்றினாள். ஒரு முள் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது டயர் கடை ஈயம், அவளே உருக்கியது. இனிமேல் யாரையும் குறை சொல்ல முடியாது.

"கவ்ரா" என்றாள். "உனக்குப் பயம் இல்லையே."

தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் முன்னால் குனிந்தாள்.

"பயம் இல்லைன்னா இது என்ன? சொல்லு. பயம் இல்லாம ஒருத்தன் எதுக்கு ஆத்துக்குள்ள நடந்து போவான்?"

அவள் துணியின் விளிம்பைப் பிடித்தாள். உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. "எடுக்காத. அப்படியே இருக்கட்டும். மிலூதின் இருக்கானா?"

"இருக்கேன்" என்றேன்.

"இருக்கட்டும்."

பிறகு அந்த வெள்ளைத் துணி பேசியது. அப்படித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு முகம் தெரியவில்லை, வாய் இருக்கிற இடத்தில் துணி உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. படகு கவிழ்ந்ததும் தான் அதன் முதுகில் ஏறிவிட்டதாகச் சொன்னான். ஸ்ரெதோயே பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு ஏறப் பார்த்தான். அவன் கனத்த ஆள், பூட்ஸ் நிறையத் தண்ணீர். அவன் இழுக்க இழுக்கப் படகு புரண்டது.

"விடுடான்னேன். கொஞ்சம் விடு, நான் உட்கார்ந்துட்டுப் பிடிச்சு இழுக்கறேன்னேன். அவன் விடலை. என் கையில புச்கா இருந்துச்சு. மணிக்கட்டுல கயித்தால கட்டியிருந்தேன், தொலையாம இருக்கணும்னு. அதால அடிச்சேன். கையில. விரல்லதான். விடற வரைக்கும் அடிச்சேன்."

முழங்காலில் இருந்த ஒரு கை மற்றதன் மணிக்கட்டைத் தேய்த்தது.

"அவன் கத்தலை. என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தான்."

என் கையில் சட்டி இருந்தது. அதை அவன் மண்டையில் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. இவனையா கொக்கி போட்டு இழுத்து வந்தேன்? நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். ராதோய்கா நடுவில் வந்து நின்று என் நெஞ்சில் கையை வைத்தாள். அந்தக் கை பனிக்கட்டியாக இருந்தது.

அப்போது பின்னால் ஒரு சத்தம். கவ்ரா துணியோடு பக்கத்துக் கட்டிலில் சரிந்திருந்தான். செத்துவிட்டான் என்றே நினைத்தேன். கிட்டே போனால் குறட்டை.

ஒரு வருஷமாகத் தூங்காதவன் தூங்கினான். பூட்ஸோடு, வாய் திறந்து, எச்சில் வழியக் குழந்தை மாதிரி தூங்கினான்.

"எழுப்பறேன் பாரு" என்றேன்.

"எழுப்பாத." அவள் குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "இந்தத் தூக்கத்துக்கு நான் எங்கெங்க அலைஞ்சேன் தெரியுமா? தூங்கட்டும். எழுந்ததும் நானே கூட்டிட்டுப் போறேன், உங்க அண்ணிகிட்ட. நீ முந்திப் போய்ச் சொல்லாத. அவன் வாயால சொல்லணும்."

"போலீஸ்கிட்டயும் அவன் வாயாலதான் சொல்லுவானா?"

"முதல்ல விதோசாவா. அப்புறம் அவ சொல்றது."

நான் முற்றத்தில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டே இருந்தேன். ராதோய்கா வாசற்படியில் உட்கார்ந்தாள். உள்ளே குறட்டை ஏறி இறங்கியது. ஒரு வருஷம் அவள் கேட்க ஏங்கிய சத்தம் அது. ஒவ்வொரு முறை அது ஏறும்போதும் அவள் தோள் குறுகியது. பயம் கையில் ஏறும் என்றார்களே, அது உண்மைதானோ என்று எனக்குத் தோன்றியது.

வெயில் சாய்ந்த பிறகு எழுந்தான். கன்னத்தில் துணியின் தையல் பதிந்திருந்தது. "பசிக்குது" என்றான். ராதோய்கா மீன் சூப்பைச் சூடு பண்ணி வைத்தாள். ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்து இரண்டு தட்டு சாப்பிட்டான். ஆற்றுப் பக்கம் தலை திரும்பவே இல்லை. "எவ்வளவு நேரம் தூங்கினேன்?" என்று கேட்டான், சந்தோஷமாக. அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் கோட்டை எடுத்து நீட்டினாள்.

"போட்டுக்கோ. எதிர்வீட்டுக்குப் போறோம்."

கோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். பிறகு போட்டுக்கொண்டான்.

விதோசாவா வாசலில் புளிப்புச் செர்ரியின் கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள். கை இரண்டும் முழங்கை வரைக்கும் சிவப்பு. எங்கள் மூன்று பேரையும் பார்த்ததும் பாத்திரத்தை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். கவ்ரா தொப்பியைக் கழற்றினான். சொன்னான். இப்போது துணி இல்லை, அதனால் சொல்லிமுடிக்க அதிக நேரம் ஆயிற்று.

முடிந்ததும் விதோசாவா அவனைப் பார்க்கவில்லை, ராதோய்காவைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "கழுவினப்ப வலது கையை நான் பிடிச்சேன், நீ தண்ணி ஊத்தின. நாலு விரலும் நசுங்கியிருந்துச்சு. படகு இடிச்சிருக்கும்னு நீ சொன்ன. நான் சரின்னேன்."

"நான் அப்படித்தான் நினைச்சேன், விதோசாவா. சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்."

"நீ நினைச்ச. நான் நினைக்கலை. புயல்ல போன படகு கணுவுக்குக் கணு பார்த்தா இடிக்கும்?"

"தெரிஞ்சுதான் ஒரு வருஷமா என் பக்கத்துல உட்கார்ந்திருந்தியா? ஏன் கேட்கலை?"

விதோசாவா சிவந்த கையை இடுப்பில் கட்டிய சமையல் துணியில் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கறைதான் பரவியது.

"கேட்டிருந்தா நீ போய் அவன்கிட்ட விசாரிச்சிருப்ப. விசாரிச்சு, பொய் சொல்லத் தெரியாம என்கிட்ட வந்து நின்னிருப்ப, இப்ப நிக்கற மாதிரி. அப்புறம் நான் யார் பக்கத்துல போய் உட்காருவேன்? அவனைத்தான் ஆத்துல விட்டேன். உன்னையும் விடணுமா? நீங்க வராமலே இருந்திருக்கலாம்."

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

நாங்கள் மூன்று பேரும் தெருவில் நின்றோம். எனக்கு அவனை அடிக்கக்கூடத் தோன்றவில்லை. கவ்ரா தொப்பியை மாட்டிக்கொண்டு, ராதோய்காவின் முழங்கையைத் தொட்டு, "வா, போலாம்" என்றான்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு விதோசாவாவின் படியில் உட்கார்ந்தாள்.

"நீ போ" என்றாள். "போய்த் தூங்கு."